அளவெடுப்பது எதற்கு?

நான்கு வயதுக் குழந்தைக்குப் பரீட்சை வைக்க முடியாது. எழுதத் தெரியாது. கேள்வி புரிந்தாலும் பதில் சொல்ல மனம் வர வேண்டும். கொஞ்ச நேரத்தில் பசிக்கும், தூக்கம் வரும், அம்மா எங்கே என்று கண் தேடும். ஆனால் இந்த வயதில்தான் பெற்றோரின் கவலைகள் தொடங்குகின்றன. இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகளோடு சேருவதில்லை என்று ஏதோ ஒன்று உறுத்துகிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சமாதானம் சொல்கிறார். அந்தச் சமாதானத்தில் ஓர் ஆண்டு ஓடிவிடுகிறது. பிறகு ஒருநாள் குழந்தைகள் மருத்துவர், "ஒரு அசெஸ்மென்ட் பார்த்துட்டு வந்துடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்.

அந்த அசெஸ்மென்ட் அறையில் என்ன நடக்கிறது, அங்கிருந்து வெளியே வரும் எண்ணுக்கு என்ன பொருள், அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

பத்துக் கட்டைகளும் ஒரு பலகையும்

நம் ஊர் மதிப்பீட்டு அறைகள் பலவற்றில் மரப்பலகை ஒன்றைப் பார்க்கலாம். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை என்று பத்து வடிவங்களில் அதில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பொருந்தும்படி ஒரு கட்டை உண்டு. கட்டைகளை வெளியே எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் திரும்ப வை பார்க்கலாம்" என்பார் உளவியலாளர். கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று முறை வைக்கச் சொல்வார்கள். மூன்றில் எது குறைந்த நேரமோ அதை வயது அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். இதற்குச் செகுவின் வடிவப் பலகை என்று பெயர்.

அட்டவணையில் ஏறுவது விநாடிகள் மட்டும்தான். ஆனால் அனுபவமுள்ள உளவியலாளரின் கண் கடிகாரத்தில் இருக்காது. நட்சத்திரக் கட்டையைச் சிலுவைப் பள்ளத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறானா, கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறானா? கட்டையை எடுக்கும்போதே கண் சரியான பள்ளத்துக்குப் போகிறதா, ஒவ்வொரு பள்ளமாக வைத்துப் பார்த்து வருகிறானா? இரண்டாம் முறை வேகம் கூடுகிறதா? ஒரு கட்டை சரியாக உட்கார்ந்ததும் நிமிர்ந்து எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறானா? வலது கை மட்டும் வேலை செய்து இடது கை மடியிலேயே கிடக்கிறதா? கட்டைகளைப் பள்ளத்தில் வைக்காமல் மேசை விளிம்பில் வரிசையாக அடுக்குகிறானா? ஒரே நிமிடத்தில் கைத்திறன், கண்ணும் கையும் இணையும் விதம், கற்கும் வேகம், பிறரோடு உறவாடும் ஆர்வம் என்று பலவற்றுக்கு முதல் தடயம் கிடைத்துவிடுகிறது. இந்தக் கவனிப்பு எழுதப்படாத அறிக்கையில் பாதிச் செய்தி காணாமல் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தப் பலகைக்குப் பெயர் தந்த எதுவார் செகுவின் யாருக்கும் சோதனை வைக்கப் புறப்பட்டவர் அல்ல. 1840களில் பாரிஸ் நகரத்துப் பீசேத்ர் மருத்துவமனையில், எதையும் கற்க முடியாதவர்கள் என்று கைவிடப்பட்டிருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கையையும் கண்ணையும் பழக்கினால் அறிவு விழித்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. வடிவங்களைப் பொருத்தும் பலகை அவருடைய கற்பித்தல் முறையிலிருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின், அமெரிக்காவில் அதற்குக் கடிகாரமும் மதிப்பெண்ணும் சேர்த்துச் சோதனையாக்கினார்கள். கற்றுக்கொடுக்கச் செய்த பொருள் தரம் பிரிக்கும் பொருளானது. மதிப்பீட்டின் வரலாறு முழுவதிலும் இந்தத் திருப்பம் மறுபடி மறுபடி வருகிறது.

பாரிஸ், 1904

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பள்ளி வாசலை மிதிக்காத பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தார்கள். பாடத்தோடு ஒட்டி ஓட முடியாத சிலர் இருப்பதை அப்போதுதான் ஆசிரியர்கள் கண்டார்கள். அவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. யாரைத் தனி வகுப்புக்கு அனுப்புவது? சேட்டைக்காரப் பையனை ஒழித்துக்கட்ட ஆசிரியர் இதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்ளலாம். மருத்துவர்களோ ஒரே குழந்தையை ஆளுக்கொரு விதமாகக் கணித்தார்கள். 1904இல் கல்வி அமைச்சகம் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதில் இருந்தவர் அல்ஃப்ரெட் பினே.

பினேவுக்கு மதிலேன், அலிஸ் என்று இரண்டு மகள்கள். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோதே வீட்டில் சின்னச் சின்னச் சோதனைகள் வைத்துப் பார்த்தவர். சின்னப் பிள்ளைகள் பதில் தெரியாததால் மட்டும் தவறு செய்வதில்லை, கவனம் வேறெங்கோ போவதாலும் தவறு செய்கிறார்கள் என்பதை வீட்டிலேயே பார்த்திருந்தார். தியோடோர் சீமோன் என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து 1905இல் 30 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908இல் அந்தக் கேள்விகளை வயதுவாரியாகப் பிரித்தார். மூன்று வயதுப் பிள்ளை மூக்கு, கண், வாய் எது என்று தொட்டுக் காட்ட வேண்டும், இரண்டு எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு வயதில் சாவி, கத்தி, காசு இவற்றின் பெயர் சொல்ல வேண்டும், இரண்டு கோடுகளில் நீளமானதைக் காட்ட வேண்டும். ஐந்து வயதில் இரண்டு பெட்டிகளில் கனமானது எது என்று கையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், சதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும், நான்கு காசுகளை எண்ண வேண்டும். படிப்பறிவு இல்லாத வீட்டிலும் குழந்தை தானாகக் கற்றுக்கொள்ளும் காரியங்களையே அவர் தேடிப் பிடித்தார்.

இன்றைய சோதனைகள் எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான். ஆனால் பினே தன் அளவுகோலோடு சேர்த்துச் சொன்ன இன்னொன்று அதனோடு பயணிக்கவில்லை. அறிவு பிறவியில் அளந்து கொடுக்கப்பட்டது, பிறகு வளராது என்ற கருத்தை 1909இல் எழுதிய நூலில் அவர் கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'மனப் பயிற்சி' என்ற பெயரில் பாடத்திட்டமே வகுத்தார். அதில் ஒன்று சிலை விளையாட்டு. ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். எழுத்தும் கணக்கும் பிறகு வரட்டும், முதலில் கவனிக்கப் பழகட்டும் என்பது திட்டம். சோதனை அவருக்கு இந்தப் பயிற்சியின் முதல் படி. 1911இல், தன் அளவுகோலை மறுபடி ஒருமுறை திருத்திய கையோடு, அவர் இறந்துபோனார்.

கடல் தாண்டிய அளவுகோல்

பினேயின் அளவுகோலை 1908இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி காடர்ட். நியூ ஜெர்சியின் வைன்லேண்ட் ஊரில், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பயிற்சிப் பள்ளியில் ஆய்வாளராக இருந்தவர். அறிவுக் குறைபாடு பரம்பரையாக வருவது, மாற்ற முடியாதது என்று நம்பினார். அவர் கையில் பினேயின் அளவுகோல் எதிர்த்திசையில் திரும்பியது. உதவி தேவைப்படுகிறவர்களைக் கண்டுபிடிக்கச் செய்தது, ஒதுக்கி வைக்க வேண்டியவர்களைக் கண்டுபிடிக்கப் பயன்பட்டது. 1928 வாக்கில் காடர்ட் தன் கருத்துகள் பலவற்றைத் தானே திரும்பப் பெற்றார். அதற்குள் தீங்கு வெகுதூரம் போயிருந்தது.

1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதைக் கால வயதால் வகுக்கலாம் என்றார். 1916இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி ஐ.க்யூ. ஆக்கினார். கணக்கு எளிது. ஆறு வயதுப் பிள்ளை நாலரை வயதுப் பிள்ளை செய்வதைச் செய்தால், நாலரையை ஆறால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். விடை 75. நான்கு வயதில் ஓராண்டு பின்தங்கினாலும் 75. பன்னிரண்டு வயதில் மூன்றாண்டு பின்தங்கினாலும் 75. மூவருக்கும் வேண்டிய உதவி வெவ்வேறு. எண் மட்டும் ஒன்று.

இந்த எண்ணில் எந்த இடத்தில் கோடு போடுவது என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. சங்கங்களும் குழுக்களும் கூடித் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் அறிவுக் குறைபாட்டுச் சங்கம் 1959இல் கோட்டை 85 அளவில் போட்டது. அந்தக் கணக்குப்படி மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம் பேர் கோட்டுக்குக் கீழே வந்தார்கள். 1973இல் அதே சங்கம் கோட்டை 70க்கு இறக்கியது. இப்போது கீழே இருந்தவர்கள் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல். கோடிக்கணக்கானவர்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் ஒரே நாளில் 'குணமானார்கள்'.

கோடு மட்டுமா, மொழியும் குழப்பியது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சோதனை வைத்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டார்கள். ஒன்பது பிள்ளைகளின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. வீட்டு மொழியிலும் சோதனை வைத்தபோது அவர்களில் பெரும்பாலோர் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். டயானா வழக்கு என்று அறியப்படும் இது 1970இல் சமரசமாக முடிந்தது. பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. 1979இல் லாரி பி. வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. கறுப்பினப் பிள்ளைகளை அத்தகைய வகுப்புகளில் சேர்ப்பதற்கு ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தவே கூடாது என்று தீர்ப்பளித்தது. இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவே, 1975இல், அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தது. எந்த ஒரு தனிச் சோதனையையும் மட்டும் வைத்துப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யக் கூடாது என்ற விதி அதில் எழுதப்பட்டது.

எண்ணை வாசிக்கும் முறை

இன்று யாரும் மன வயதைக் கால வயதால் வகுப்பதில்லை. டேவிட் வெக்ஸ்லர் 1939இல் அறிமுகப்படுத்திய முறைதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. அதே வயதுப் பிள்ளைகள் ஏராளமானோரைச் சோதித்து, அவர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். நூற்றில் 68 பேர் 85க்கும் 115க்கும் நடுவே வருவார்கள். 70க்குக் கீழே வருவோர் சுமார் இரண்டு பேர். குழந்தைக்குக் கிடைக்கும் எண், அந்தக் கூட்டத்தில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மூளைக்குள் எவ்வளவு அறிவு நிரம்பியிருக்கிறது என்று அது சொல்வதில்லை.

எனவே அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது பெரிய கேள்வி. இந்தியாவில் இன்றும் புழக்கத்தில் உள்ள மாலின் அளவுகோல் 1969இல் வந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. மூன்று வயதிலிருந்தே வைக்கக்கூடிய பினே-காமத் சோதனைக்கு வேர் 1930களில் இருக்கிறது. உலகின் பல நாடுகளில், ஒவ்வொரு பத்தாண்டிலும் பிள்ளைகள் இந்தச் சோதனைகளில் வாங்கும் மதிப்பெண் சுமார் மூன்று புள்ளி ஏறிவந்திருக்கிறது என்று ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். பழைய அட்டவணையோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டால் எண் உயர்வாகத் தெரியும். உதவி தேவைப்படும் பிள்ளை 'நார்மல்' என்று திருப்பி அனுப்பப்படுவது அதனால்தான் நடக்கிறது.

அடுத்தது, எண்ணின் தள்ளாட்டம். நல்ல சோதனையிலும் ஏறத்தாழ ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கும். 72 என்று அறிக்கையில் இருந்தால், உண்மையான இடம் 67க்கும் 77க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்று வாசிக்க வேண்டும். 70 என்ற கோடு அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது. குழந்தை சின்னதாக இருந்தால் தள்ளாட்டம் இன்னும் கூடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1928இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில் நான்சி பெய்லி குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து அளந்துவந்தார். முதல் ஓராண்டில் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் அதே பிள்ளைகள் வளர்ந்த பின் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. இன்று உலகெங்கும் கைக்குழந்தைகளுக்கு வைக்கப்படும் வளர்ச்சி அளவுகோல் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதன் எண்ணை ஜாதகமாக வாசிக்கக் கூடாது என்பதும் அவருடைய ஆய்விலிருந்தே வந்த பாடம்.

இதனால்தான் 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 நோயறி கையேடு, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு என்று பெயர் சூட்டத் தயங்குகிறது. 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்று எழுதிவிட்டு, பிறகு மறுபடி மதிப்பிடச் சொல்கிறது. இந்திய அரசு 2018இல் வெளியிட்ட சான்றிதழ் நெறிமுறையும் இதே வழியில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தரச் சொன்னது. அறிக்கையைப் பார்த்து இடிந்துபோகும் பெற்றோர், 'தாமதம்' என்ற சொல் அங்கே யோசித்து வைக்கப்பட்டது என்பதை அறிந்திருப்பது நல்லது.

காதும் கையும் சுட்டு விரலும்

மதிப்பீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்ப்பது. காது மந்தமான குழந்தை கூப்பிட்டால் திரும்பாது, பேசாது, சொன்னதைச் செய்யாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆட்டிசமோ அறிவு வளர்ச்சிக் குறைவோ என்றுதான் தோன்றும். "கதவு சத்தத்துக்குத் திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். தடாலென்று கதவு அடிக்கும் ஓசை கேட்பது வேறு, பேச்சில் ஒலிகளைப் பிரித்தறிவது வேறு. குழந்தை தூங்கும்போதே எடுக்கக்கூடிய பெரா சோதனை இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். அது இல்லாமல் வைத்த ஐ.க்யூ. சோதனையின் எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

பிறகு, வீட்டில் குழந்தை என்ன செய்கிறது என்ற விசாரணை. இதற்கு எட்கர் டால் 1935இல் ஒரு வழி கண்டார். அவரும் வைன்லேண்ட் பள்ளியில் பணியாற்றியவர்தான். குழந்தையைச் சோதிக்காமல், அதை நன்கு அறிந்தவரிடம் பேசியே, அன்றாட வாழ்க்கையில் அது எதெதைத் தானே செய்துகொள்கிறது என்று கணிக்கும் முறை அது. நாக்பூரில் பணியாற்றிய மாலின் அதை இந்தியாவுக்கேற்ப 89 கூற்றுகளாகத் தழுவினார். தமிழ் வீட்டில் அந்த உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"பாப்பா தானா சாப்பிடுவாளாம்மா?"

"இல்லைங்க மேடம். நாங்கதான் ஊட்டி விடுவோம்."

"தட்டுல போட்டு முன்னால வச்சா?"

"வச்சதில்லைங்க. மேலெல்லாம் சிந்திக்குவா, அவங்க பாட்டி விடமாட்டாங்க."

இங்கே 'செய்யவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர் தவறு செய்கிறார். நாலைந்து வயது வரை சோறு ஊட்டுவது நம் வீடுகளில் பாசத்தின் வழக்கம். குழந்தைக்கு முடியாதா, முயலவே விடவில்லையா என்பது இரண்டு வேறு சங்கதிகள். டால் இதை முன்பே யோசித்திருந்தார். வாய்ப்புக் கிடைக்காததால் செய்யாததைத் தனியாகக் குறிக்க அவர் அளவுகோலில் வழி வைத்தார். நல்ல உளவியலாளர் அந்த அம்மாவிடம், "பதினைந்து நாள் தட்டுல போட்டு வச்சுப் பாருங்க, சிந்தட்டும்" என்று சொல்லி அனுப்புவார். அந்த இடத்தில் மதிப்பீடு சிகிச்சையாகவும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, சுட்டு விரல். ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா "அதோ பார் காக்கா" என்கிறார். குழந்தை அவர் விரல் காட்டும் திசையில் பார்க்கிறது. காக்காவைப் பார்த்த பிறகு, அம்மாவும் பார்க்கிறாரா என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. இன்னொரு நாள் தானே விரல் நீட்டி "கா... கா..." என்கிறது. காக்கா அதற்கு வேண்டியதில்லை, தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும், அவ்வளவுதான். உளவியலில் இதற்குக் கூட்டுக் கவனம் என்று பெயர். பேச்சுக்கு முந்தைய பேச்சு இது. ஒன்றரை வயதிலும் இது தலைகாட்டவில்லை என்றால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடு வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியலில் முதல் கேள்விகளில் ஒன்றே இதைப் பற்றியதுதான். மூன்று வயதுக்கு மேல் இந்தியாவில் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோல் இருக்கிறது. 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கொள்ளப்படும். எம்-சாட் பட்டியலில் கவலை தரும் பதில்கள் விழுந்துவிட்டாலே ஆட்டிசம் உறுதி என்று பொருளல்ல. சல்லடையில் தங்கிய பிள்ளையை நிபுணர் உட்கார்ந்து விளையாடிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

உதவி செய்து பார்ப்பது

வழக்கமான சோதனையில் உளவியலாளர் குழந்தைக்கு உதவக் கூடாது. உதவினால் எண் கெட்டுவிடும். சோவியத் உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1930களில் இந்த விதியையே கேள்வி கேட்டார். எட்டு வயது மன வளர்ச்சி என்று சோதனை சொல்லும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சின்னக் குறிப்புகள் கொடுத்து, முதல் படியைச் செய்துகாட்டி, கடினமான கணக்குகளைப் போடச் சொல்வோம். ஒருவன் ஒன்பது வயதுக் கணக்கோடு நின்றுவிடுகிறான். இன்னொருவன் பன்னிரண்டு வயதுக் கணக்கு வரை போய்விடுகிறான். இந்த இருவரும் ஒன்றா என்று கேட்டார் விகோட்ஸ்கி. நேற்று வரை கற்றதைப் பழைய சோதனை அளக்கிறது. நாளை என்ன கற்கக்கூடும் என்பது உதவி கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். 1934இல், 37 வயதில், காசநோய்க்கு அவர் பலியானார்.

இந்த எண்ணத்தைச் செயலாக்கியவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் ரூவன் ஃபாயர்ஸ்டைன். இரண்டாம் உலகப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து குடியேற வந்த பிள்ளைகளையும் அவர் மதிப்பிட வேண்டியிருந்தது. வழக்கமான சோதனைகளில் அவர்களில் பலர் மிகத் தாழ்ந்த மதிப்பெண் பெற்றார்கள். அவர் முதலில் சோதித்தார், பிறகு சொல்லிக்கொடுத்தார், மறுபடி சோதித்தார். முதல் எண்ணை விட இரண்டு சோதனைகளுக்கும் நடுவிலான மாற்றத்துக்கே மதிப்பளித்தார். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், மதிப்பெண் ஒரே அச்சில் அடங்காது என்ற குறைகள் உண்மை. ஆனாலும் அதன் சாரத்தை எந்த அறையிலும் கடைப்பிடிக்கலாம். வடிவப் பலகையில் சோதனை முடிந்த பிறகு, குழந்தையின் கையைப் பிடித்து நட்சத்திரத்தை ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டு, "இப்ப நீ வை" என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சென்னையில் உருவான அளவுகோல்

1970களில் சென்னையில் பே. ஜெயச்சந்திரனும் வெ. விமலாவும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். மெட்ராஸ் வளர்ச்சித் திட்டமிடல் முறை என்பது அதன் பெயர். சிறப்புப் பள்ளிகளில் எம்.டி.பி.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். 18 துறைகள், துறைக்கு 20 கூற்றுகள், ஆக 360. பெரிய தசை இயக்கம், கைவிரல் இயக்கம், சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், சொன்னதைப் புரிந்துகொள்வது, பேசுவது, பழகுவது என்று தொடங்கி, எண், நேரம், பணம், வீட்டு வேலை, ஊரில் நடமாடுவது, பொழுதுபோக்கு வரை போகும். ஒவ்வொரு துறையிலும் எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறும் இருபது படிகள்.

இதில் ஐ.க்யூ. கிடையாது. கூற்றுகள் எல்லாம் குழந்தை என்ன செய்கிறது என்ற விதத்திலேயே எழுதப்பட்டவை. 'செய்கிறது', 'செய்வதில்லை' என்று ஆசிரியர் குறித்துக்கொண்டே போவார். 'செய்கிறது' எங்கே முடிகிறதோ, அடுத்த படிதான் வரும் மாதங்களுக்கான பாடம். தையல்காரர் அளவெடுப்பது சட்டை தைப்பதற்கு. எம்.டி.பி.எஸ். அப்படித் தைப்பதற்காகவே எடுக்கும் அளவு. சில மாதம் கழித்து மறுபடி குறித்தால் எந்தத் துறையில் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று கண்ணால் காணலாம். குழந்தையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடும் முறை இது. செகுவினும் பினேவும் தொடங்கிய இடத்துக்கு மதிப்பீட்டைத் திருப்பிக் கொண்டுவந்த முயற்சிகளில் இதற்கு உறுதியான இடம் உண்டு.

இதனால் எண் தரும் சோதனைகள் வேண்டாம் என்றாகிவிடாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், உதவித்தொகைக்கும், தேர்வுச் சலுகைக்கும் எண் வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சலுகைகள் பல கிடைக்கின்றன. அந்தச் சதவீதத்தை எட்ட அளவுகோல் இல்லாமல் முடியாது. எண் அரசு அலுவலகத்துக்கு, திட்டம் குழந்தைக்கு. இரண்டும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும்

உங்கள் குழந்தைக்கோ உங்களுக்குத் தெரிந்த குழந்தைக்கோ மதிப்பீடு நடந்தால், அறிக்கையில் இவற்றைத் தேடுங்கள். எந்தச் சோதனை, எந்த மொழியில் வைக்கப்பட்டது? காதும் கண்ணும் பார்க்கப்பட்டனவா? அன்று குழந்தை காய்ச்சலோடோ அழுதுகொண்டோ இருந்ததா என்ற குறிப்பு உண்டா? பெற்றோர் சொன்னதும் அறையில் கண்டதும் ஒத்துப்போகின்றனவா? குழந்தை எதில் நன்றாகச் செய்கிறது என்று ஒரு பத்தியாவது இருக்கிறதா? வீட்டில் என்ன செய்ய வேண்டும், பள்ளியில் என்ன செய்ய வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

செலவை நினைத்துத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியதிலிருந்து, டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பார்க்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியையும் இயக்கப் பயிற்சியையும் தொடங்க முழு மதிப்பீடு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே தொடங்கிவிடலாம். பயிற்சியால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் வந்துவிடாது, காத்திருந்தால் காலம் திரும்பி வராது.

எண் மட்டும் எழுதி, திட்டம் எழுதாமல் அறிக்கை வந்தால், அதை அப்படியே கோப்பில் செருகிவிடாதீர்கள். திரும்பப் போய், "நாளைக்குக் காலையில இருந்து நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் மதிப்பீடு முடிந்தது.